தளிர்க்கும் காலத்தில் பிள்ளைகளும் வீட்டுப் பிராணிகளும்



வசந்தம் என்றதும் பனி உருகிப் பூப்பூக்கும் மேல்நாட்டுக் காட்சிதான் பலருக்கு நினைவு வரும். பால்மரக் காட்டை அறிந்தவர்களுக்கோ நம் நாட்டிலும் ஒரு வசந்தம் உண்டு என்பது தெரியும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடுகிறது. கோலா கங்சாரில் 1877-ஆம் ஆண்டு நட்ட முதல் மரங்களுள் ஒன்று மாவட்ட அலுவலகத்திற்கு அருகே இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. நம் முன்னோர் வெட்டிய காடுகளுக்கெல்லாம் அந்த மரங்கள்தாம் முன்னோடி.

இன்று பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பல குடும்பங்கள் தாமான்களில் குடியேறிவிட்டன. ஆனாலும் பெற்றோர் விடியற்காலையில் வேலைக்குப் போக, விடுமுறைப் பிள்ளைகள் நாயோடும் கோழியோடும் பொழுது போக்குவது மாறவில்லை. அந்தப் பொழுதைப் பயனுள்ளதாகவும் ஆபத்தில்லாததாகவும் ஆக்குவது எப்படி?

முதலில் கோழியை எடுத்துக்கொள்வோம். அடைக்கு உட்கார்ந்த கோழியைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். அடை வைத்த நாளை நாட்காட்டியில் குறிக்கச் சொல்லுங்கள். கோழி முட்டை பொரிக்க 21 நாள்; வாத்து முட்டைக்கு 28 நாள். ஏழாம் நாள் இரவு, இருட்டில் முட்டைக்குப் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்தால், கருவுள்ள முட்டையில் சிவந்த நரம்புகள் சிலந்தி வலைபோல் தெரியும். வெறும் முட்டை தெளிவாக இருக்கும். குஞ்சு பொரித்ததும் ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களைப் போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும். ஆழமான பாத்திரத்தில் குஞ்சு விழுந்து இறந்துவிடும். குஞ்சைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்கக்கூடாது. வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் அதன் எச்சத்தில் இருக்கலாம்.

அடுத்து நாய். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே உச்சிவெயிலில் அதை ஓடவிட்டு விளையாடக்கூடாது. காலையும் மாலையுமே ஏற்ற நேரம். கட்டிப்போட்ட நாய்க்கு நிழலும் நல்ல தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை குளிப்பாட்டும்போது காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பிள்ளை பார்க்கட்டும். அதைப் பிடுங்குவது பெரியவர் வேலை. மண்ணெண்ணெய் தடவவேண்டாம், நாயின் தோல் வெந்துபோகும்.

உதிர்ந்த சருகைப் பிள்ளைகள் கையால் அள்ளக்கூடாது. அடியில் தேளோ பூரானோ பாம்போ இருக்கலாம். வறண்ட நாளில் சருகுக்குத் தீ வைப்பதும் ஆபத்து.

இனி முக்கியமான ஒன்று. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடக்கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். அயல் நாய் உறுமி வந்தால் ஓடக்கூடாது. ஓடினால் அது துரத்தும். கைகளை உடம்போடு ஒட்டி, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், பால்மரம்போல் அசையாமல் நிற்க வேண்டும்.

அப்படியும் கடித்துவிட்டால்? வெறிநாய்க்கடி நம் நாட்டுக்கு அந்நியமானதல்ல. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் அது தலைகாட்டியது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. அறிகுறி தோன்றும் முன்பே தடுப்பூசி போட்டால் உயிரைக் காக்கலாம். 1885-இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அந்த ஊசியைப் போடச் செய்து காப்பாற்றினார். கடித்த இடத்தை உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ காப்பித்தூளோ அப்பவேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். சிறு கீறல்தானே என்று விட்டுவிடக்கூடாது.

ஆனால் இவை எல்லாம் நடக்க, கடிபட்டது நமக்குத் தெரிய வேண்டுமே! அடிவிழும், நாயை விரட்டிவிடுவார்கள் என்று அஞ்சிப் பிள்ளைகள் காயத்தை மறைப்பதுண்டு. சந்தேகத்துக்குரிய விலங்குகளால் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, விடுமுறை தொடங்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்: "நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே சொல். நான் ஏசமாட்டேன்." சொன்னபடியே நடந்தும் காட்டுங்கள்.

வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் இதைத் தெரிவித்துவிட்டுப் போங்கள்.