நெளியும் தூணும் மூங்கில் தரும் பாடமும்

பருமன் சீராக உள்ள தென்னை ஈர்க்கு ஒன்றை மேசைமீது செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஓரளவு வரை நேராக நிற்கும். பிறகு திடீரெனப் பக்கவாட்டில் வளையும். ஈர்க்கு முறியவில்லை, நெளிந்துவிட்டது. அதைப் பாதியாக நறுக்கி அழுத்திப் பாருங்கள். இப்போது ஏறக்குறைய நான்கு மடங்கு விசை தேவைப்படும். நெளியவைக்கும் பளு, நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பதைக் கணித மேதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார்.

இதில் ஒரு வியப்பு உண்டு. நீண்டு மெலிந்த தூண் நெளிவது பொருளின் வலிமையைப் பொறுத்ததன்று. அதன் விறைப்பை, அதாவது யங் குணகத்தைப் பொறுத்தது. இருமடங்கு வலிமையுள்ள எஃகைப் போட்டாலும் பயனில்லை. எல்லா எஃகுக்கும் யங் குணகம் ஏறத்தாழ ஒன்றே!

பின் என்ன செய்வது? பொருளை அச்சிலிருந்து விலக்கி வைக்கலாம். நிற்க முடியாத தாளைக் குழாயாகச் சுருட்டி ஒட்டினால் அது புத்தகத்தையே தாங்கும். ஆனால் சுவர் மிக மெல்லியதானால், தூண் நேராக இருக்கும்போதே சுவர் ஓரிடத்தில் கசங்கிவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் கட்டப்பட்டு வந்த கியூபெக் பாலம் 1907 ஆகஸ்டு 29 அன்று சரிந்து, 75 தொழிலாளர்கள் மாண்டனர். அமுக்கத்தைத் தாங்கிய கீழ் உறுப்புகள், எஃகுத் தகடுகளைப் பின்னல் சட்டங்களால் இணைத்துச் செய்யப்பட்டவை. அச்சட்டங்களுக்குப் போதிய வலு இல்லாததால் உறுப்புகள் நெளிந்தன. ஓர் உறுப்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் வளைந்திருந்தது முன்கூட்டியே அளந்தறியப்பட்டும், வேலை நிற்கவில்லை.

இனி மூங்கிலைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நார்க்கற்றைகள் வெளிப்புறத்தில் நெருக்கமாகவும், உள்ளே செல்லச் செல்ல அரிதாகவும் இருக்கும். விறைப்பான நார் மிகுதியாகப் பயன்படும் இடம் அச்சிலிருந்து தொலைவில்தானே! கணுக்களோ குழாய் நசுங்காமல் காக்கின்றன.

1984இல் ஜப்பானிய அறிஞர்கள், விண்விமானத் திட்டத்துக்காக இதே போன்ற வழியை நாடினர். வெப்பம் தாக்கும் பக்கம் பீங்கான், மறுபக்கம் உலோகம். இரண்டையும் வெறுமனே ஒட்டினால், வெவ்வேறு அளவில் விரிந்து ஒட்டிய இடத்தில் பிளக்கும். கலவையைப் படிப்படியாக மாற்றிச் சென்றால், பிளப்பதற்கு எல்லைக்கோடே இல்லை.

ஆனால் இங்கும் நெளிவு காத்திருக்கிறது. முனைகள் இறுக்கப்பட்ட உத்தரம் சூடானால், விரிய வழியின்றித் தன்னையே அமுக்கிக்கொள்ளும். கோடையில் தண்டவாளம் நெளிவது இப்படித்தான். மேலும், ஒருபுறம் விறைப்பாகவும் மறுபுறம் இளக்கமாகவும் உள்ள பட்டையில், சரிநடுவில் வைத்த பளுவும் நடுவில் வைத்ததாகாது. விறைப்பின் மையம் விலகியிருப்பதால், பளு ஏறும்போதே பட்டை வளையத் தொடங்கும். ஆகவே அம்மையத்தைக் கணக்கிட்டே பொறியாளர் பளுவை ஏற்றுகிறார்.

நீங்களும் சோதிக்கலாம். தாள் குழாயின் ஒருபக்கம் மட்டும் நீளவாக்கில் நாலைந்து தாள் பட்டைகளை ஒட்டி, சரிநடுவில் அழுத்துங்கள். குழாய் எந்தப் பக்கம் புடைக்கிறது? ஏன்?