எண்ணெய் ஊற்றினால் ஒழுக்கு நிற்காது!



சுங்கை லாலாங், பீடோங், செமிலிங் சுற்று வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வீட்டு வாசல்களில் பழைய பிக்கப் வண்டிகளைப் பார்க்கிறோம். மாட்டுக்குப் புல் ஏற்ற, சந்தைக்குக் காய்கறி கொண்டு போக, கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் இழுக்க, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வண்டிதான். மூன்றாம் கை, நான்காம் கை மாறி வந்த ஹைலக்ஸ், இசுசு, மிட்சுபிஷி வண்டிகள். எஞ்சின் நன்றாகவே ஓடும். ஆனால் காலையில் வண்டியை எடுத்தால், முன் சக்கரத்தின் பக்கம் தரையில் சிவப்பாக ஒரு எண்ணெய்த் திட்டு தெரியும். பவர் ஸ்டேரிங் பெட்டி ஒழுகுகிறது என்பதற்கு அது அடையாளம்.

“அண்ணே, வாரம் ஒரு பாட்டில் ஊத்துறேன். வண்டி ஓடுது. அப்புறம் என்ன?” என்று நம் தம்பிமார் கேட்கிறார்கள். சம்பள நாளை எண்ணி வாழ்கிற குடும்பத்தில் இப்படித் தள்ளிப் போடுவது இயற்கைதான். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அதில் வாடகையும் பள்ளிச் செலவும் போக, பட்டறைக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்? ஆனால் ஊற்றிக்கொண்டே ஓட்டுவது சிக்கனமே அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். ஸ்டேரிங்கைத் திருப்பினால் அதன் தண்டு பெட்டிக்குள் இருக்கும் ஒரு திருகைச் சுற்றுகிறது. திருகுக்கும் அதன்மேல் ஏறியிறங்கும் கட்டைக்கும் நடுவில் சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் உருளுகின்றன. அந்தக் கட்டையின் பல், கீழே இறங்கும் ஒரு தடித்த தண்டைத் திருப்புகிறது. அந்தத் தண்டின் நுனியில் மாட்டியிருக்கும் கைதான் பிட்மன் ஆர்ம். அது ராடுகளை இழுத்துத் தள்ள, சக்கரம் திரும்புகிறது. எஞ்சின் பெல்ட்டால் ஓடும் பம்ப், எண்ணெயை அழுத்தி அனுப்பி நம் கைக்குப் பலம் சேர்க்கிறது.

இந்த யோசனை பழையது. அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ் என்பவர் 1920-களிலேயே இதைச் செய்து காட்டினார். ஆனால் 1951-ல் வந்த கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் இது பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. எண்ணெய் அழுத்தத்தால் கைக்கு உதவும் அந்த முறைதான் நம் வாசலில் நிற்கும் பழைய பிக்கப்பிலும் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டுதான். ஸ்டேரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடிக்கும்போது, பம்ப்பிலிருந்து வரும் எண்ணெயின் அழுத்தமோ சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டைத் தாண்டும். இவ்வளவு பலத்தையும் வெளியே விடாமல் காப்பது விரல் மொத்தம்கூட இல்லாத ரப்பர் சீல்கள். அதனால்தான் ஒடித்த நிலையில் ஐந்து பத்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்கிறார்கள். எண்ணெய் கொதிக்கும், சீல் வெந்து போகும். தோட்டத்துக் குறுகிய பாதையில் வண்டியைத் திருப்புகிறவர்கள் இதை மறக்கலாகாது.

ஒழுக்கை விட்டுவிட்டால் என்ன ஆகும்? எண்ணெய் குறைந்தால் பம்ப் காய்ந்து ஓடிக் கெடும். சீல் மாற்றும் செலவு பம்ப் மாற்றும் செலவாக வளரும். சிந்தும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். எல்லாவற்றையும்விட மோசமானது, வளைவில் திடீரென்று ஸ்டேரிங் கனத்துப் போவது. இரும்புத் தண்டு நேராகச் சக்கரத்தோடு இணைந்திருப்பதால் ஸ்டேரிங் அடியோடு விட்டுப் போகாது. ஆனால் ஒரு விரலால் திருப்பிய வண்டியை இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்ப வேண்டிவரும். பின்னால் ஆளோ பாரமோ இருக்க, எதிரே லாரி வந்தால், அந்த ஒரு விநாடி போதாதா?

சரி, ஒழுகுகிறது. உடனே “பெட்டி போச்சு, வேற பெட்டி போடு” என்று சொல்கிற பட்டறைக்காரர் உண்டு. அவசரப்படாதீர்கள். பால்மரம் வெட்டிய நமக்கு இது புரியாததல்ல. மங்கில் பால் நிற்கிறது என்றால் பால் மங்கிலிருந்தா வருகிறது? மேலே வெட்டிய கோட்டிலிருந்து வழிந்து வந்து மங்கில் நிற்கிறது. ஸ்டேரிங் பெட்டியும் அப்படித்தான். பெட்டியின் அடியில் சொட்டுகிற எண்ணெய், மேலே குழாய் மூட்டிலிருந்து வழிந்து வந்ததாக இருக்கலாம்.

ஆகவே முதல் வேலை, சுத்தம் செய்வது. எஞ்சின் ஆறிய பிறகு பெட்டியையும் குழாய்களையும் அழுக்குப் போகக் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். மேலே முகப்பவுடரைத் தூவுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டேரிங்கை இரு பக்கமும் மெல்லத் திருப்ப, இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பவுடர் முதலில் எங்கே நனைகிறதோ அதுதான் வெட்டுக்கோடு. குழாய்ப் பக்கம் விரலை வைத்துத் தடவாதீர்கள். ஊசித் துவாரத்திலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, குழாய் மூட்டுகள். இங்கே என்றால் பெட்டியைத் தொடவே வேண்டாம். எண்ணெய் திரும்பி வரும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம். அழுத்தக் குழாயின் மூட்டு என்றால் அதன் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும்.

இரண்டு, பெட்டியின் மேல் மூடியும், அதன் நடுவில் உள்ள திருகும்.

மூன்று, ஸ்டேரிங் தண்டு பெட்டிக்குள் நுழையும் வாய். இங்குள்ள சீலுக்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

நான்கு, பிட்மன் ஆர்ம் மாட்டியிருக்கும் கீழ்த்தண்டின் சீல். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இங்கேதான் தொல்லை. சேறும் தண்ணீரும் படுகிற இடம் இது. தண்டு துருப்பிடித்து, அந்தத் துரு சீலின் உதட்டை அறுத்துவிடும்.

இப்போது முக்கியமான சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்டேரிங்கை இடமும் வலமும் ஆட்ட, கீழ்த்தண்டைக் கவனியுங்கள். தண்டு சுற்றுவதோடு நிற்காமல் பக்கவாட்டிலும் அசைகிறதா? அசைந்தால் உள்ளிருக்கும் பேரிங் தேய்ந்துவிட்டது. அங்கே எத்தனை புது சீல் போட்டாலும் சில மாதத்தில் மறுபடி ஒழுகும். “சீல் மாத்தினேன் அண்ணே, திரும்பவும் ஒழுகுது” என்று புலம்புகிற பலருக்குக் காரணம் இதுதான். தண்டைத் துடைத்து நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் சிக்குகிற அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலும் அதே கதைதான். இந்த இரண்டும் இல்லையென்றால் சீல் மட்டும் போதும். இருந்தால்தான் பெட்டியைப் பிரித்துச் செப்பனிடுவதோ, ஹாப்-கட் கடையில் வேறு பெட்டி தேடுவதோ நியாயம். அங்கே வாங்கினாலும் தண்டை ஆட்டிப் பார்த்து, நகத்தால் கீறிப் பார்த்தே வாங்குங்கள்.

சீல் மாற்றும் வேலை எப்படி நடக்க வேண்டும் என்று நாமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சக்கரத்தை நேராக வைத்து, பிட்மன் ஆர்மும் தண்டும் சேரும் இடத்தில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கோடு தவறினால் ஸ்டேரிங் கோணலாகும். நட்டைக் கழற்றிய பிறகு ஆர்மைப் புல்லர் வைத்துத்தான் எடுக்க வேண்டும். சுத்தியலால் தண்டில் அடித்தால் உள்ளே பல்லும் குண்டும் கெடும். பழைய சீலை எடுத்து, துருவை மெல்லிய எமரித் தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும். தண்டின் பல்வரிசைமேல் டேப்பைச் சுற்றி, புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, கோணாமல் நேராக ஏற்ற வேண்டும். டேப் சுற்றாமல் ஏற்றினால் புது சீல் அன்றைக்கே கிழியும். சில வண்டிகளில் பெட்டியைக் கழற்றாமலே இதைச் செய்யலாம், சிலவற்றில் கழற்றியே தீரவேண்டும். வண்டிக்கு அடியில் படுப்பதாக இருந்தால் இரும்பு ஸ்டாண்டு வையுங்கள். செங்கல்லையும் ஜாக்கியையும் நம்பிப் படுக்காதீர்கள். உயிரைவிட சீல் பெரிதல்ல.

மேல் மூடித் திருகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்டேரிங் ஆட்டம் போட்டால் சிலர் அந்தத் திருகை இறுக்கி விடுவார்கள். அளவு மீறி இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்ததும் ஸ்டேரிங் தானாகத் திரும்பி வராது. ஸ்டேரிங் விளிம்பு ஓர் அங்குலத்துக்கு மேல் வெறுமனே ஆடினால், முதலில் ராடு மூட்டுகளையும் பெட்டியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய டயர் போட்ட பழைய வண்டிகளில் அந்தப் போல்ட்டைச் சுற்றிச் சட்டமே வெடித்திருப்பதும் உண்டு.

வேலை முடிந்ததும் காற்றை வெளியேற்ற வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி, எண்ணெய் நிரப்பி, எஞ்சினை ஓட்டாமலே ஸ்டேரிங்கை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பலமுறை திருப்ப வேண்டும். குறையக் குறைய எண்ணெய் சேர்க்க வேண்டும். அதன் பிறகே எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் நுரைத்தாலோ பம்ப் முனகினாலோ இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள். மூடியில் எந்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றுக்கு டெக்ஸ்ரான் வகைச் சிவப்பு எண்ணெய்தான். பிரேக் எண்ணெயை மட்டும் கனவிலும் ஊற்றாதீர்கள். எல்லா சீலும் கெட்டுப்போகும். கடையில் விற்கும் ‘ஒழுக்கு நிறுத்தி’ மருந்து, காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும். லேசான கசிவைச் சில காலம் தள்ளிப்போடும். கிழிந்த சீலையும் தேய்ந்த தண்டையும் அது ஒன்றும் செய்யாது.

கடைசியாக, நம் சொந்த வண்டியைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. தோட்ட நிர்வாகத்தின் வண்டியில் வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் ஏராளம். அந்த வண்டி சிவப்பெண்ணெய் சொட்டினால், திரும்பும்போது முனகினால், ஓட்டுநர் ஸ்டேரிங்கோடு போராடினால், “தண்டல் பாத்துக்குவார்” என்று ஏறி உட்காராதீர்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளரின் பாதுகாப்பை முதலாளியின் கடமை ஆக்கியிருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அந்தக் கடமை தவறினால் அபராதம் 500,000 வெள்ளி வரை போகலாம். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பினால், முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நடவடிக்கை எடுக்காதபோது, அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு.

‘தெரிவித்தும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். வண்டி எண், தேதி, என்ன கோளாறு, யாரிடம் கொடுத்தோம் என்று நான்கு வரி எழுதி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் கிடக்கும் எண்ணெய்த் திட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதன் கூட்டத்தில் அந்தத் தாளை வையுங்கள்.

சொந்த வண்டியோ தோட்டத்து வண்டியோ, நாளைக் காலை ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் குனிந்து முன் சக்கரத்தின் பக்கம் தரையைப் பாருங்கள்.