டிஜியாத்ரா இருந்தும் ஏர்போர்ட்டில் க்யூ ஏன்?

முகத்தைக் காட்டி சட்டுனு உள்ளே போயிட்டீங்க. ஆனா செக்யூரிட்டியில் நீண்ட வரிசை. ஏன்?

ஒரு உதாரணக் கணக்கு: மணிக்கு 600 பேர் வாசலைத் தாண்டுறாங்க. எக்ஸ்ரே லேன்களால் 400 பேரைத்தான் சோதிக்க முடியும். ஒரு மணி நேரத்தில் 200 பேர் தேங்கிடுவாங்க. வாசலை இன்னும் வேகமாக்கினால் தேக்கம்தான் கூடும். மொத்த வேகத்தைத் தீர்மானிப்பது மிக மெதுவான கட்டம்தான்.

2022 டிசம்பரில் டெல்லி விமான நிலையத்தின் டெர்மினல் 3 நெரிசலில் திணறியது. அப்போது கூடுதல் எக்ஸ்ரே இயந்திரங்கள் போட்டதும், பீக் நேர விமானங்களைக் குறைக்க முடிவெடுத்ததும் இதனால்தான்.

லேப்டாப்பை முன்னாடியே பையிலிருந்து எடுத்து வச்சுக்கோங்க. நீங்க மிச்சப்படுத்தும் 20 நொடி, பின்னால் நிற்கும் எல்லாருக்கும் கிடைக்கும்.