வாலிபர் உடல்நலமும் நம் சங்கங்களும்

கூட்டுறவுச் சங்கக் கிடங்குகளில் ஆய்வாளன் காணும் பொருள்கள் பெரும்பாலும் ஒரே தன்மையன. நூல் சிப்பங்கள், சாயப்பொடி டப்பாக்கள், விலைபோகாமல் தங்கிவிட்ட புடவைகள், கால் ஒடிந்த நாற்காலி ஒன்று. சில மாதங்களுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தில் இருப்புச் சரிபார்க்கப் புகுந்தபோது, சிப்பங்களுக்கு நடுவே பழைய வேட்டியால் போர்த்தப்பட்ட பெரியதொரு பொருளைக் கண்டேன். துணியை விலக்கினால், அது ‘டிரெட்மில்’ என்று வழங்கும் ஓட்டப் பயிற்சி இயந்திரம்!

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. தேகப்பயிற்சிக் கருவிகளும் விளையாட்டு உடைகளும் சத்துப் பானங்களும் விற்கும் நிறுவனம் ஒன்று, வாலிபர் நலத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் தான் செய்யும் உதவி என்று சொல்லி, அதனைச் சங்கத்துக்கு அன்பளிப்பாகத் தந்திருந்தது. விழா நடந்தது, புகைப்படமும் எடுத்தார்கள். அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாற்பது பனியன்கள் வழங்கப்பட்டன. செயற்கை இழையால் ஆன அவற்றின் மார்பிலும் முதுகிலும் நிறுவனத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. பருத்தி நெய்து பிழைக்கும் வீடுகளுக்கு அந்த உடை எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர்களே உணரலாம். இயந்திரம் ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அதன் பட்டை நழுவிற்று. பழுது பார்ப்பவர் நகரத்திலிருந்து வரவேண்டும். அவர் கேட்ட கூலியைக் கண்டு நிர்வாகக் குழு பின்வாங்கிவிட்டது. இதை எந்தத் தலைப்பில் இருப்புக் கட்டுவது என்று காரியதரிசி என்னைக் கேட்டார். எனக்கும் உடனே விடை தோன்றவில்லை.

வாசலில் தார்க் குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்த முதிய நெசவாளர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். “ஐயா, காலையில் குழியில் இறங்கினால் விளக்கு வைக்கும்வரை மிதித்துக்கொண்டிருக்கிறோம். அதற்குமேல் ஓடவும் வேண்டுமா?” என்றார்.

அவர் சொல்லில் நியாயம் உண்டு. ஆயினும் முழு நியாயம் இல்லை என்றே கருதுகிறேன். குழித்தறியில் உழைப்பு கடுமையானது. ஆனால் அது உடம்பின் சில உறுப்புகளை மட்டும் வாட்டி, மற்றவற்றை வாளாவிருக்கச் செய்யும் உழைப்பு. கால்கள் மிதிக்கட்டையையே மிதிக்கின்றன. ஒரு கை நாடாக் கயிற்றையே இழுக்கிறது. கழுத்தோ பாவின்மேல் கவிந்தே இருக்கிறது. நாற்பது வயதுக்குள் முதுகுவலி இல்லாத நெசவாளரை நான் அதிகம் கண்டதில்லை. தறிக்கு வராமல் அலுவலகத்துக்கும் கடைக்கும் சென்றுவிட்ட அவர்தம் பிள்ளைகளோ, உட்கார்ந்தே பொழுது போக்குகின்றனர். இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவு உடையவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-இல் கணித்தது. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடமும், சிறுவர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமும் உடலை இயக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த வழிகாட்டு நெறி. ஆகவே, வாலிபர் உடலைப் பேணவேண்டும் என்ற அந்த நிறுவனத்தின் எண்ணத்தில் பிழை இல்லை. அதை நிறைவேற்றிய முறைதான் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்நிலையில் அலுவல் காரணமாகச் சென்னை சைதாப்பேட்டைக்குச் செல்ல நேர்ந்தது. மாலையில் வேலை முடிந்ததும், நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் மைதானத்தைப் பார்த்துவரப் போனேன். அறுபது ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். அடையாற்றுக்கு அருகே, மரநிழல் நிறைந்தது. அண்ணா சாலையின் இரைச்சல் உள்ளே செல்லச் செல்லக் குறைகிறது. அங்கே மாணவர் சிலர் ஒரு வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராக முன்வந்து மற்றவர்களுக்குக் கட்டளை கொடுத்துப் பழகிக்கொண்டிருந்தனர். அவர்கள் பழகியது உடற்பயிற்சி மட்டுமன்று. உடற்பயிற்சியைக் கற்பிக்கும் முறை. நான் தேடிய விடை அங்கே கண்ணெதிரே இருந்தது.

அந்தக் கல்லூரியின் வரலாறு நம் இயக்கத்தவர் அறியத்தக்கது. ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் வாலிபர் கிறிஸ்தவச் சங்கம் 1844-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டனில் தோன்றியது. தோற்றுவித்த ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு ஜவுளிக் கடைச் சிப்பந்தி. கடையிலேயே தங்கி நெடுநேரம் உழைத்த தம்மொத்த வாலிபர்களின் நிலை கண்டு அவர் அதைத் தொடங்கினார். அதே 1844-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21-ஆம் தேதியன்றுதான் ராச்டேல் நகரில் 28 முன்னோடிகள், அவர்களுள் நெசவாளர் பலர், தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். துணி விற்றவரிடமிருந்து ஒன்றும் துணி நெய்தவரிடமிருந்து ஒன்றுமாக ஒரே ஆண்டில் ஒரே நாட்டில் இரண்டு இயக்கங்கள் பிறந்தன. இரண்டும் அறுபது ஆண்டுகளுக்குள் சென்னைக்கு வந்து சேர்ந்தன. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது 1904-இல் என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே.

வாலிபர் சங்கம் தொடக்கத்தில் பிரார்த்தனைக்கும் வேதப் படிப்புக்குமே கூடியது. அமெரிக்காவில் கிளை பரப்பியபோதுதான் தேகப்பயிற்சி அதன் பெரும்பணியாயிற்று. கூடைப்பந்தாட்டம் 1891-இல் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அதன் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கண்டது. கைப்பந்தாட்டம் 1895-இல் ஹோலியோக் நகரத்துச் சங்கத்தில் வில்லியம் மார்கன் கண்டது. இன்று நம் கிராமங்களில் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டி வாலிபர்கள் மாலைதோறும் ஆடுவது இந்தக் கைப்பந்துதான். ஒரு பக்கத்தார் மூன்று தொடுதலுக்குள் பந்தை அப்பால் அனுப்பவேண்டும். ஒருவரே தொடர்ந்து இருமுறை தொடலாகாது. இவ்விதியை இயற்றியவர் ஏதேனும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் துணைவிதிகளைப் படித்திருப்பாரோ என்று எனக்குச் சில சமயம் ஐயம் எழுவதுண்டு.

ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1919-இல் சென்னைக்கு வந்தார். அவரிடம் கருவிகளை வாங்கித் தருமாறு கேட்டிருந்தால், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருவித்திருக்கக்கூடும். ஆனால் அவர் அடுத்த ஆண்டே, 1920-இல், உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மிகச் சில மாணவர்களோடு தொடங்கிய அப்பள்ளி 1930-களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் இந்த நிலத்துக்குக் குடிபெயர்ந்து, நாளடைவில் கல்லூரியாக வளர்ந்தது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று அது போற்றப்படுகிறது. கிறிஸ்தவச் சங்கத்தின் பள்ளியாயினும் எல்லாச் சமயத்தவரும் அங்கே பயின்றனர். தண்டால், பஸ்கி போன்ற நம் நாட்டுப் பயிற்சிகளை அவர் ஒதுக்கவில்லை. உடற்கல்விக்கென அவர் நடத்திய ஏட்டுக்கு ‘வியாயாம்’ என்றே பெயரிட்டார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்தியக் குழுவை நிர்வகித்தவரும் அவரே. 1943-இல் காலமாகும்வரை அவருடைய உழைப்பு இந்தக் கல்லூரிக்கே உரியதாயிருந்தது.

ஒரு கருவியை நூறு பேர் பயன்படுத்தினால் அது தேயும். ஓர் ஆசிரியர் நூறு பேருக்குக் கற்பித்தால் அவர் தேர்ச்சி பெறுவார். அந்த நூறு பேரில் இருவர் மூவர் தாமும் ஆசிரியராவர். சைதாப்பேட்டையில் பயின்றவர்கள் நாட்டின் பல மாகாணங்களுக்கும் சென்று பள்ளிகளில் அமர்ந்தனர். நம்மில் பலருக்கு ‘டிரில்’ சொல்லித் தந்து, வெயிலில் நிறுத்தி, நாம் அப்போது மனத்துக்குள் திட்டிய ஆசிரியர்கள் பலரின் பரம்பரை இங்கே தொடங்குகிறது. இந்த ஊருக்கே ஆசிரியரை உண்டாக்கும் ராசி உண்டுபோலும். 1856-இல் தோன்றிய அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் பின்னாளில் சைதாப்பேட்டைக்கே வந்து நிலைத்தது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேரும் 1868-இல் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட வேளாண் பள்ளியே. 1906-இல்தான் அது கோவைக்கு மாற்றப்பட்டது. நம் விவசாய அன்பர்கள் இதை அறிந்திருப்பது நலம்.

வணிகர் தரும் நன்கொடை எல்லாம் விளம்பரமே என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். கல்லூரியிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் மறைமலையடிகள் பாலம் இருக்கிறது. அவ்விடத்தில் முன்பிருந்த மர்மலாங் பாலத்தை 1726-இல் தம் சொந்தப் பொருளில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். கட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. பாலத்தைப் பிற்காலத்தில் பழுதுபார்த்து வருவதற்கென்று தனித் தொகையும் ஒதுக்கிவைத்தார். விளையாட்டிலும் இத்தகையோர் உண்டு. நூற்பாலைகளும் இரும்பாலையும் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த சர் தோராப்ஜி டாட்டா, 1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்திய வீரர் சிலர் செல்லத் துணைநின்று பொருளும் உதவினார். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது அவர் தலைவரானார். வாலிபர் கிறிஸ்தவச் சங்கத்தின் உடற்கல்வி இயக்குநர் நோரென் செயலாளரானார். பணம் உடையவரும் பயிற்சி உடையவரும் ஒரே மேசையில் அமர்ந்த காரியம் அது. நம் கிடங்கில் கிடந்த இயந்திரத்தோடு பராமரிப்புத் தொகையும் வரவில்லை, பயிற்சி உடையவரும் வரவில்லை.

சட்டத்தின் நிலையையும் நம் நிர்வாகக் குழுவினர் அறிந்துகொள்வது நன்று. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, சொத்து மதிப்பிலோ விற்றுமுதலிலோ லாபத்திலோ குறிப்பிட்ட அளவை எட்டிய நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காடேனும் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். அதற்கான ஏழாம் அட்டவணையில் நோய்த்தடுப்பும் இருக்கிறது. கிராமிய விளையாட்டுகளுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கும் அளிக்கும் பயிற்சியும் இருக்கிறது. பயிற்சி என்ற சொல்லையே அட்டவணை கையாள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தம் சரக்குக்கும் சேவைக்கும் விளம்பரப் பயன் தேடிச் செய்யும் ஆதரவை இந்தக் கணக்கில் சேர்க்கலாகாது என்று 2021-இல் திருத்தப்பட்ட விதிகள் கூறுகின்றன. முதுகில் பெயர் பொறித்த பனியன் எந்தப் பக்கம் சேரும் என்பதை அந்தந்த நிறுவனத்தின் தணிக்கையாளர் முடிவு செய்யட்டும். ஆயின், “எங்களுக்குப் பொருள் வேண்டாம், பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இரண்டாண்டுச் சம்பளம் தாருங்கள்” என்று கேட்பதில் சங்கத்துக்கு யாதொரு தாழ்வும் இல்லை.

நம் சங்கங்களிலும் துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் நிகர லாபத்திலிருந்து பொது நல நிதிக்கு ஒதுக்குகிறோம். அது எவ்வாறு செலவாகிறது என்பதைப் பேரேட்டைப் புரட்டும் என்னைப் போன்றோர் அறிவோம். சுவர்க் கடிகாரம், கோப்பை, ஆண்டுவிழாப் பந்தல். கம்பெனியைக் குறை சொல்லிவிட்டு நாமும் அதையே சிறிய அளவில் செய்துவருகிறோம்.

அடுத்த மாதம் அதே சங்கத்துக்குச் சென்று, சைதாப்பேட்டையில் கண்டதை நிர்வாகக் குழுவில் சொன்னேன். சாயப்பட்டறைக்குப் பின்னால், நூல் உலர்த்துவதற்கென்று விட்டிருந்த நிலம் மாலையில் வெறுமையாகவே கிடந்தது. பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் இருப்பதாகக் காரியதரிசி நினைவுகூர்ந்தார். பெண் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, “பையன்களுக்கு மட்டுந்தானா? நாள் முழுவதும் தார் சுற்றும் எங்கள் தோளுக்கு யார் வழி சொல்வார்?” என்று கேட்டார். இக்கேள்வி எனக்குத் தோன்றாமற் போனதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் பேச்சின் பேரில், வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கும் மூன்று நாள் வாலிபர்களுக்குமாக ஆசிரியரை அமர்த்துவதென்றும், அவருக்குரிய மதிப்பூதியத்தைப் பொது நல நிதியிலிருந்து வழங்கப் பேரவையின் ஒப்புதல் பெறுவதென்றும் தீர்மானம் எழுதப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த முதியவர், “பெயர் போட்ட பனியன் கிடையாது அல்லவா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பேரவை கூடி ஒப்புதல் அளித்துவிட்டது. வலைக்கும் இரண்டு பந்துக்குமான பற்றுச்சீட்டை நானே பார்த்தேன். பெண்களுக்கு ஆசிரியர் முதலில் கற்பித்தது, தார் சுற்றும்போது மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று தோளையும் கழுத்தையும் விரிக்கும் எளிய பயிற்சி. இதற்கு ஒரு காசும் செலவில்லை. நூல் காயும் நாட்களில் மைதானம் இல்லை என்பதால், வாலிபர்களே மாலை நான்கரை மணிக்கு வந்து நூலைத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள். இதனால் சாயப்பட்டறைக்கு ஓர் ஆள்கூலி மிச்சம் என்று காரியதரிசி கணக்குச் சொன்னார்.

நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. இயந்திரத்தை இருப்புப் பதிவேட்டில் ‘இதர தளவாடங்கள்’ என்ற தலைப்பில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அதன்மேல் இப்போது நூல் சிப்பங்கள் மூன்று அடுக்கப்பட்டிருக்கின்றன.