எடுக்காத படத்துக்கு எத்தனை ரசிகர்கள்!

2022 நவம்பரில் ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸியின் மகள் பிரான்செஸ்கா, ஒரு படத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைத் தந்தையின் கைபேசிக்கு அனுப்பி, பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்ததாகவும், அந்தப் படத்தைத் தான் எடுத்துப் பல வருஷமாகிவிட்டது என்றும் ஸ்கார்செஸி பதில் அனுப்பினார். மகள் அதை டிக்டாக்கில் போட்டதும் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம். படத்தின் பெயர் ‘கோன்சரோவ்’, வெளியான ஆண்டு 1973.

அப்படி ஒரு படம் கிடையாது. அது ஸ்கார்செஸிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், கொண்டாடிய ரசிகர்களுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே எல்லோரும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அது. இல்லாத படத்தை இருப்பதுபோலவே பேசுவார்கள். புதிதாக வந்து கேட்பவர் அது உண்டா, இல்லையா என்று தானே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த ஆட்டம் எப்படி நடக்கிறது? யாரும் பார்க்காத ஒரு படம் ‘பிடித்த படம்’ ஆவது எப்படி?

பூட்ஸில் கிடைத்த கதை

2020இல் ‘டம்ப்ளர்’ தளத்தில் ஒருவர் ஒரு புகைப்படம் போட்டார். இணையத்தில் வாங்கிய போலி பூட்ஸ் அது. நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டிய லேபிளில் ஏதோ சினிமா விளம்பரம் அச்சாகியிருந்தது. இதுவரை வந்த மாஃபியா படங்களிலேயே மகத்தானது, மார்ட்டின் ஸ்கார்செஸி வழங்கும் ‘கோன்சரோவ்’, நேப்பிள்ஸ் மாஃபியாவைப் பற்றிய படம் என்று அதில் இருந்தது. இயக்குநர் பெயராக ‘மேட்டியோ’ என்றும், அதையடுத்துப் பொருளற்ற எழுத்துகளும் எண்களும் இருந்தன.

இது ‘கோமோரா’ படத்தின் விளம்பர வாசகம் சிதைந்து வந்ததாக இருக்கலாம் என்பது பலருடைய ஊகம். 2008இல் மேட்டியோ கரோன் இயக்கிய அந்த இத்தாலியப் படம் நேப்பிள்ஸின் குற்றக் கும்பல்களைப் பற்றியது. அமெரிக்காவில் அது வெளியானபோது ‘ஸ்கார்செஸி வழங்கும்’ என்ற வரியும் சேர்ந்துகொண்டது. தயாரிப்பாளர் டொமினிகோ புரோகாச்சியின் பெயர்கூட, ஓர் எழுத்துப் பிழையோடு, அந்த லேபிளில் இருந்தது.

டம்ப்ளரில் வந்த பூட்ஸ் புகைப்படத்துக்குக் கீழே ஒருவர், ‘கோன்சரோவ் பார்க்காத முட்டாள்’ என்ற பொருளில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். வெறும் கேலிதான், ஆனால் ஆட்டத்துக்கு விதை அதுதான். இரண்டு வருஷம் கழித்து ஓர் ஓவியர் 1970களின் பாணியில் படத்துக்குச் சுவரொட்டி வரைந்து வெளியிட்டார். ராபர்ட் டி நீரோ, அல் பசினோ, ஹார்வி கைட்டல், ஜீன் ஹேக்மன், சிபில் ஷெப்பர்ட், ஜான் கசால் என்று நட்சத்திரப் பட்டியலும் அதில் இருந்தது. அதன்பின் சில நாட்களிலேயே கோன்சரோவ் பேச்சு தளமெங்கும் நிறைந்துவிட்டது.

மறுக்காதே, கூட்டு

டம்ப்ளரில் ஒருவர் எழுதியதை எடுத்து, அதன் கீழேயே தன் வரிகளைச் சேர்த்து மறுபடி வெளியிடலாம். முன்னவர் எழுதியது அழியாமல் மேலே நிற்கும். கதையை இழுத்துக்கொண்டே போவதற்கென்றே செய்துவைத்ததுபோன்ற அமைப்பு. ஆட்டத்துக்கு யாரும் விதி எழுதவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே விதியைப் பின்பற்றினார்கள்: முன்னவர் சொன்னதை மறுக்காதே, அதன்மேல் ஒன்றைக் கூட்டு.

கோன்சரோவ் ரஷ்யாவிலிருந்து நேப்பிள்ஸுக்கு வந்த கொலையாளி என்றானது. மனைவி காத்யா. காத்யாவுக்கு நெருக்கமான சோஃபியா. கோன்சரோவுக்கும் ஆந்த்ரேய் என்பவனுக்கும் இடையில் சொல்லப்படாத ஒரு காதல். ‘ஐஸ் பிக் ஜோ’ என்றொரு துணைப் பாத்திரம். படம் முழுக்கக் கடிகாரங்கள் வருகின்றன, அவை காலம் நெருங்குவதன் குறியீடு என்று ஒருவர் ஆராய்ச்சி செய்தார். காத்யாவின் பாத்திரத்துக்கு இயக்குநர் நியாயம் செய்யவில்லை என்று இன்னொருவர் குறைபட்டார். பின்னணி இசை அமைத்தார்கள். ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளத்தில் கோன்சரோவ் கதைகள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. ‘வொண்டர் வுமன்’ தொடரில் நடித்த லிண்டா கார்ட்டர், நடிகர் ஹென்றி விங்க்லரோடு தான் நிற்கும் பழைய படத்தைப் போட்டு, அது கோன்சரோவின் முதல் காட்சிக்குப் போனபோது எடுத்தது என்றார். நியூயார்க் டைம்ஸ் இந்த ஆட்டத்தையே செய்தியாக்கியது.

புகழ்ந்து பேசியது மட்டும் படத்தை நிலைநிறுத்தவில்லை. குறை சொன்னார்கள், வாதாடினார்கள். சண்டை போட ஆள் இருந்தால் படம் இருந்தே தீரும் என்று கேட்பவர் நினைத்துவிடுவார்.

பொய் பொருந்திய இடம்

1973 என்ற ஆண்டும் பாதி வேலையைச் செய்தது. அந்த ஆண்டுதான் ஸ்கார்செஸியின் ‘மீன் ஸ்ட்ரீட்ஸ்’ வந்தது. அதில் டி நீரோவும் கைட்டலும் உண்டு. முந்தைய ஆண்டு வந்த ‘காட்ஃபாதர்’ படத்தில் பசினோவும் கசாலும் உண்டு. ஜீன் ஹேக்மன் ‘ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கி முடித்திருந்த நேரம். சிபில் ஷெப்பர்ட் பிறகு 1976இல் வந்த ஸ்கார்செஸியின் ‘டாக்ஸி டிரைவர்’ படத்தில் நடித்தார். எல்லாப் பெயர்களும் அந்தக் காலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

சினிமாவைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு மட்டும் இரண்டு இடங்களில் இடறும். ஸ்கார்செஸியும் பசினோவும் முதல்முறை சேர்ந்து பணியாற்றியது 2019இல் வந்த ‘தி ஐரிஷ்மேன்’ படத்தில்தான். 1978இல் இறந்துபோன ஜான் கசால் நடித்த முழுநீளப் படங்கள் ஐந்தே ஐந்து. ஐந்துமே சிறந்த படத்துக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவை. ஆறாவதாக ஒன்று இருந்திருந்தால் அது ஊரறிந்த படமாகியிருக்கும்.

ஊகிப்பதில் என்ன சுவை?

இல்லாததைச் சொல்லி ஊகிக்கவைப்பது இணையத்துக்கு முந்தைய விளையாட்டு. கனடாவில் 1984இல் வந்த ‘பால்டர்டாஷ்’ பலகை விளையாட்டில், யாரும் கேள்விப்படாத ஒரு சொல்லை ஒருவர் வாசிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப் பொருளை எழுதித் தருவார்கள். உண்மையான பொருளையும் அவற்றோடு கலந்து படித்து, எது நிஜம் என்று கேட்பார்கள். பின்னால் வந்த பதிப்புகளில் சினிமாப் பெயர்களும் சேர்ந்தன. கேள்விப்படாத ஒரு படத்தின் பெயரைக் கொடுத்துக் கதையை ஊகிக்கச் சொல்வார்கள். சரியாகக் கண்டுபிடித்தால் மதிப்பெண். நீங்கள் எழுதிய பொய்யை எத்தனை பேர் நம்பினார்களோ, அத்தனை மதிப்பெண்ணும் உங்களுக்கே.

சினிமாக்காரர்களும் இதை ஆடியிருக்கிறார்கள். ‘ஹோம் அலோன்’ (1990) படத்தில் சிறுவன் கெவின் தொலைக்காட்சியில் ஒரு கறுப்பு வெள்ளைத் துப்பாக்கிப் படம் பார்ப்பான். ‘ஏஞ்சல்ஸ் வித் ஃபில்தி சோல்ஸ்’ என்ற அந்தப் படம் அந்தக் காட்சிக்காகவே எடுக்கப்பட்ட துண்டு. 1938இல் வந்த ‘ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்’ படத்தின் பெயரைச் சற்றே திருகி வைத்திருந்தார்கள். நிஜமான பழைய படம் என்றே பல வருஷம் நம்பியவர்கள் ஏராளம். 2007இல் ‘கிரைண்ட்ஹவுஸ்’ படத்தோடு வேடிக்கைக்காக இணைத்த போலி முன்னோட்டங்களில் ஒன்று ‘மச்செட்டே’. ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததில் 2010இல் அது நிஜப் படமாகவே வந்துவிட்டது.

பார்த்ததாகவே நம்பினால்?

இங்கே ஒரு கோடு கிழிக்க வேண்டும். கோன்சரோவ் ஆட்டத்தில் ஆடியவர்கள் தெரிந்தே பொய் சொன்னார்கள். தெரியாமல் நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். 1990களில் நகைச்சுவை நடிகர் சிந்துபாத் பூதமாக நடித்த ‘ஷாஸாம்’ என்ற படத்தைச் சிறுவயதில் பார்த்ததாக அமெரிக்காவில் பலர் இன்றும் அடித்துச் சொல்கிறார்கள். வீடியோ கேசட்டின் அட்டை எப்படி இருந்தது என்றுகூட விவரிப்பார்கள். அப்படியொரு படம் இல்லை. 1996இல் கூடைப்பந்து வீரர் ஷகீல் ஓநீல் பூதமாக வந்த ‘கஸாம்’ உண்டு. 1994இல் சிந்துபாத் கடலோடியின் படங்களைத் தொலைக்காட்சியில் தொகுத்து வழங்கியபோது நடிகர் சிந்துபாத் பூதம்போல உடை அணிந்திருந்தார். இரண்டும் நினைவில் கலந்துவிட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். மறுத்து மறுத்து அலுத்துப்போன அவர், 2017 ஏப்ரல் முட்டாள்கள் தினத்துக்கு ‘ஷாஸாம்’ காட்சி ஒன்றில் நடித்தே கொடுத்துவிட்டார்.

இதை ஆய்வாகவே செய்து காட்டியிருக்கிறார்கள் நெதர்லாந்து உளவியலாளர்கள். 1992 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் எல் அல் நிறுவனத்தின் சரக்கு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பின்மேல் விழுந்தது. விமானம் மோதும் தருணத்தை யாரும் படம்பிடிக்கவில்லை. தொலைக்காட்சியில் வந்ததெல்லாம் பின்னர் எரிந்த கட்டடமும் மீட்புப் பணியும்தான். சில மாதங்கள் கழித்து, மோதும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா என்று கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாகச் சொன்னார்கள். 1996இல் வெளியான ஆய்வு இது. செய்தியில் படித்தது, பிறர் சொல்லக் கேட்டது, தாமே கற்பனை செய்தது எல்லாம் ‘நான் பார்த்தது’ என்ற ஒரே கணக்கில் சேர்ந்துவிட்டன. எது எங்கிருந்து வந்தது என்று மனம் சீட்டு ஒட்டி வைப்பதில்லை.

உயிர்காத்த போலிப் படம்

இல்லாத படத்தை இருப்பதாக நம்பவைக்கும் உத்தியை அமெரிக்க உளவுத்துறையும் பயன்படுத்தியிருக்கிறது. 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோது ஆறு பேர் தப்பிக் கனடா தூதரக அதிகாரிகளின் வீடுகளில் ஒளிந்துகொண்டார்கள். அவர்களை மீட்க சிஐஏ அதிகாரி டோனி மெண்டஸ் ஓர் அறிவியல் புனைவுப் படம் எடுப்பதாக நாடகமாடினார். அதற்கு ‘ஆர்கோ’ என்று பெயர். ஹாலிவுட்டில் ‘ஸ்டுடியோ சிக்ஸ்’ என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். தொலைபேசி வைத்தார்கள், சினிமாப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்த கனடாக்காரர்கள் என்று சொல்லி, 1980 ஜனவரி இறுதியில் அந்த ஆறு பேரையும் விமானம் ஏற்றிவிட்டார்கள். அலுவலகத்தை மூடுவதற்குள் 26 திரைக்கதைகள் அங்கே வந்து குவிந்திருந்ததாக மெண்டஸ் எழுதியிருக்கிறார். எடுக்காத அந்தப் படத்தைப் பற்றி 2012இல் எடுத்த படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது.

பூட்ஸ் லேபிளும் சரி, உளவு நாடகமும் சரி, ஒன்றைத்தான் காட்டுகின்றன. ஒரு படம் ‘இருக்கிறது’ என்று நாம் நம்புவதற்குப் படச்சுருள் தேவைப்படுவதில்லை. சுவரொட்டி, நடிகர் பட்டியல், ஒரு விளம்பரம், ஓரிரு வாதங்கள் போதும். ஏனென்றால் நமக்குத் தெரிந்த படங்களில் பெரும்பாலானவற்றை நாம் அப்படித்தான் அறிந்திருக்கிறோம். பார்த்தவை குறைவு, கேள்விப்பட்டவை அதிகம்.

இருந்தும் இல்லாதவை

இதற்கு நேர் எதிரான நிலை தமிழ் சினிமாவுக்கு வாய்த்திருக்கிறது. 1931 அக்டோபர் 31 அன்று வெளியான முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’. எச்.எம்.ரெட்டி இயக்க, டி.பி.ராஜலட்சுமி நடித்தார். அதன் பிரதி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வத’மும் அழிந்துவிட்டது. அன்றைய நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், நாளாக ஆகத் தானே சிதைந்துபோகும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல் தொடங்கப்பட்டபோது ஏற்கெனவே பல படங்கள் கைவிட்டுப் போயிருந்தன.

ஆக, ‘காளிதாஸ்’ இருந்தது என்பதற்கும் காகிதமும் பேச்சும்தான் சாட்சி. ‘கோன்சரோ’வுக்கும் காகிதமும் பேச்சும்தான் சாட்சி. இரண்டையும் பிரிப்பது அந்தக் காகிதத்தின் தேதி. ‘காளிதாஸ்’ பற்றிய விளம்பரங்களும் பத்திரிகைக் குறிப்புகளும் 1931ஆம் ஆண்டிலேயே அச்சானவை. ‘கோன்சரோவ்’ பற்றி 2020க்கு முன் ஒரு வரிகூட இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்விப்படாத பழைய படம் ஒன்றை யாராவது ஆகா ஓகோ என்று புகழ்ந்தால் நான்கு கேள்விகள் போதும். வெளியான ஆண்டிலேயே வந்த விளம்பரமோ விமர்சனமோ உண்டா? தணிக்கைப் பதிவு உண்டா? (பிரிட்டிஷ் இந்தியாவில் 1920 முதலே சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூன் நகரங்களில் தணிக்கை வாரியங்கள் இருந்தன.) ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் யார் என்று சொல்ல முடிகிறதா? போலிப் படங்களில் நட்சத்திரங்கள் நிறைய இருப்பார்கள், தொழிலாளர்கள் இருக்க மாட்டார்கள். கடைசியாக, எல்லாத் தகவலும் ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதத்தில் கிளம்பினவையா?

இந்தக் கேள்விகளை ஆட்டத்துக்கு நடுவே கேட்டால் ஆட்டம் கெடும், அங்கே கேட்க வேண்டியதில்லை. ஆனால் தகவல் களஞ்சியங்களும் ஆவணக் காப்பகங்களும் கேட்டே ஆக வேண்டும். சுவரொட்டியையும் காட்சிப் படங்களையும் கணினி நொடியில் செய்து தரும் காலம் இது. போலி உள்ளே நுழைந்துவிட்டால் நாளைய ஆய்வாளருக்கு ‘கோன்சரோவ்’ பக்கத்தில் ‘காளிதா’ஸும் சந்தேகத்துக்குரியதாகிவிடும். விளையாடுகிறவர்கள் விளையாடட்டும். பதிவேட்டை வைத்திருப்பவர்கள் தேதியைப் பார்க்கட்டும்.