சுரங்கத்தில் வேகம், டிராமில் நிதானம்

ஒரே நாளில் கொல்கத்தாவைச் சுற்றிப் பார்க்க டாக்சி தேவையில்லை. ஆனால் நகரின் மிகப் பழைய வாகனம்தான் நிற்குமோ என்ற நிலையில் இருக்கிறது.

ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியதும் டாக்சி தரகர்களிடம் பேரம் பேசுவது பழைய வழக்கம். இப்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சுரங்கத்துக்குள் இறங்கிவிடலாம். ஹூக்ளி நதிக்கு அடியில் சுமார் 520 மீட்டர் நீளப் பாதை. மெட்ரோ அதைக் கடக்க ஏறக்குறைய 45 விநாடிதான் ஆகிறது. ஆற்றுக்கு அடியில் செல்லும் இந்தியாவின் முதல் மெட்ரோ பாதையான இது 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது.

எஸ்பிளனேடில் இறங்கி, வடக்கு-தெற்குப் பாதைக்கு மாறினால் ஊரே கைக்குள். 1984 அக்டோபர் 24இல் நாட்டின் முதல் மெட்ரோ ரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான். அன்று அதன் நீளம் வெறும் 3.4 கி.மீ.

வடக்கே ஷோபாபஜாரில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் குமார்துலி. வைக்கோலைக் கட்டி, ஆற்று மண் பூசி துர்க்கை சிலைகள் உருவாகும் சந்துகள். கிரீஷ் பார்க்கில் இறங்கினால் ஜோராசாங்கோ. தாகூர் பிறந்து, மறைந்த வீடு. மகாத்மா காந்தி ரோடு நிலையத்தை அடுத்து பழைய புத்தகக் கடைகள் நிறைந்த காலேஜ் ஸ்ட்ரீட். காபி ஹவுஸில் ஒரு காபி குடித்துவிட்டுத் தெற்கே திரும்பினால் பார்க் ஸ்ட்ரீட். அங்கே 1814இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகம். அதற்கும் தெற்கே விக்டோரியா நினைவு மண்டபம், காளிகாட் கோயில்.

மாலையில் பாபுகாட் படித்துறையிலிருந்து ஹவுராவுக்குப் படகு. எதிரே, 1943இல் திறக்கப்பட்ட ஹவுரா பாலம். அதன்மீது 1993 வரை டிராம் ஓடியது.

குறை அங்கேதான். மெட்ரோவில் ஊரைக் கடக்கலாம், பார்க்க முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து கடை, கோயில், சண்டை, ஊர்வலம் எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்க வைப்பது டிராம்தான். 1873இல் குதிரைகள் இழுத்த வண்டி, 1902இல் மின்சாரத்துக்கு மாறியது. மும்பை 1964இல் டிராமைக் கைவிட்ட பிறகும் கொல்கத்தா விடவில்லை.

ஆனால் தடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. எஸ்பிளனேடு-மைதான் பாரம்பரியத் தடம் தவிர மற்றவை நிறுத்தப்படும் என்று 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. நகரப் பரப்பில் சாலைகள் 6 சதவீதமே, நெரிசலைத் தாங்காது என்பது அரசின் வாதம். புகை கக்காத வாகனத்தை ஏன் விரட்ட வேண்டும் என்பது டிராம் ஆர்வலர்களின் கேள்வி. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.

சென்னைக்கு இது பழகிய கதை. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அங்கேதான் 1895இல் ஓடியது. 1953இல் நின்றது. அதன் மணியோசை இன்று முதியவர்களின் நினைவில் மட்டும். கொல்கத்தா செல்பவர்கள் மெட்ரோவை அடுத்த முறையும் பார்த்துக்கொள்ளலாம். டிராம் கண்ணில் பட்டால், உடனே ஏறிவிடுவது நல்லது.