மட்டம் பார்த்துத் தண்ணீரை நடத்தியவர்

அரூர் வட்டாரத்துக் குடியானவருக்கு நீரின் சுபாவத்தைப் பற்றி எவரும் போதிக்க வேண்டுவதில்லை. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் வாணியாறும், தீர்த்தமலைப் பக்கமாய்ச் செல்லும் தென்பெண்ணையும் மழைக்காலத்தில் பெருகி ஓடுவதையும், அதே நீர் சற்று மேட்டிலுள்ள புஞ்சைக்கு ஒரு சொட்டும் உதவாமல் பள்ளத்தோடு போய்விடுவதையும் அவர் தலைமுறை தலைமுறையாய்க் கண்டவர். பள்ளத்து நீரை, இறைக்காமலேயே மேட்டு நிலத்துக்குக் கொண்டு சேர்ப்பதுதான் வாய்க்கால் வெட்டுவோரின் வித்தை.

இதன் சூட்சுமம் சரிவில் இருக்கிறது. ஆறானது கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குகிறது என்றும், அணையின் தலைமதகில் பிரியும் வாய்க்கால் 20 சென்டிமீட்டர் மட்டுமே இறங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஐந்து கிலோமீட்டர் சென்றதும் ஆறு ஐந்து மீட்டர் தாழ்ந்திருக்க, வாய்க்காலோ ஒரே மீட்டர் தாழ்ந்து, ஆற்றைவிட நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கும். சரிவு மிகுந்தால் நீர் கரையை அரிக்கும். குறைந்தால் வண்டல் தங்கும்.

இவ்வளவு நுண்ணிய சரிவை வெறுங்கண்ணால் அறிய இயலாது. அளவையாளர் மட்டம் பார்க்கும் கருவியை நடுவில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஆட்களை அளவுகோலுடன் நிற்கச்செய்து, ரசமட்டத்தின் குமிழி நடுவே நின்றதும் தூரநோக்கியின் குறுக்கிழை ஒவ்வொரு கோலிலும் தொடும் அளவைக் குறித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து ஏற்ற இறக்கத்தைக் கண்டுபிடிப்பார். பூமி உருண்டையாதலால் ஒரு கிலோமீட்டர் தொலைவில் பார்வைக்கோடு சுமார் 8 சென்டிமீட்டர் விலகிவிடும். 20 சென்டிமீட்டர் சரிவைத் தேடுபவருக்கு அது பெரும் பிழை. கருவியை இரு கோல்களுக்கும் சமதூரத்தில் வைத்தால் அந்தப் பிழை தானே கழிந்துபோகும்.

இத்தகைய உழைப்பில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர் ஆர்தர் காட்டன். 1803-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1821-இல் சென்னை ராஜதானியின் பொறியாளர் படை அதிகாரியாக வந்த அவர், முதலில் பாம்பன் கால்வாயை அளந்து, பின்னர்க் காவிரிப் பாசனப் பொறுப்பை மேற்கொண்டார். அக்காலத்தில் தஞ்சை ஒரு விபரீதத்தை எதிர்நோக்கியிருந்தது: முக்கொம்பில் பிரியும் இரு கிளைகளில், கொள்ளிடம் நேராகவும் சரிவு மிகுந்தும் ஓடியதால் வெள்ளத்தை எல்லாம் அதுவே இழுத்துக்கொள்ள, வேகம் குன்றிய காவிரியின் தலைப்பு மணலால் மேடிட்டு வந்தது.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை எழுப்புவதே பரிகாரம் என்று அவர் நிச்சயித்தார். ஆயினும் எவ்வளவு தோண்டினாலும் பாறை தட்டாத மணலில் அஸ்திவாரம் இடுவது எப்படி? அதற்கான விடையை அவர் சீமையில் தேடவில்லை. கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையை ஆராய்ந்தே, தளர்ந்த மணலிலும் கட்டுமானம் நிலைக்கும் என்று கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். செங்கல் உறைகளைக் கட்டி, உள்ளிருக்கும் மணலை வாரி வாரி அவற்றைத் தம் கனத்தாலேயே கீழிறங்கச்செய்யும், நம் கிணறு வெட்டுவோர் நன்கறிந்த யுக்தியும் துணைசெய்ய, 1836-இல் மேலணை எழுந்தது.

ஆனால் ஆறு அத்துடன் அடங்கிவிடவில்லை. இப்போது காவிரிக்கு நீர் மிகையாகிப் படுகையை அரிக்கத் தொடங்கியதால், அதன் தலைப்பிலும் தளச்சுவர் அமைக்க நேர்ந்தது. இந்தப் படிப்பினைகளோடு 1847-இல் கோதாவரியின் தவளேசுவரம் அணையைத் தொடங்கி, 1852-இல் நிறைவேற்றிய காட்டன், 1899-இல் காலமானார். மேலணையோ, பிற்காலத்தில் பல மாற்றங்கள் பெற்றிருந்தும், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஒன்பது மதகுகளை இழந்தது. அருகிலேயே புதிய கதவணை கட்ட வேண்டியதாயிற்று. ஆற்றின் படுகையும் வேகமும் ஆண்டுக்காண்டு மாறுவன. ஆதலால் ஒருமுறை மட்டம் பார்த்து முடித்துவிட்டோம் என்று சொல்லும் உரிமை எந்தப் பொறியாளருக்கும் கிடையாது.